ஏரி வாரியத்திலிருந்து பேரிடர்த் திட்டம் வரை: ஒரகடம் வட்டாரத்தில் வெள்ளப் பொறுப்பு கைமாறிய வரலாறு

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் குடவோலைத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்துச் சபையில் (கி.பி. 919, 921) ஆறு பேர் ஏரி வாரியத்துக்கு, பதவிக்காலம் 360 நாள். கரை உடைந்தால் முதலில் நனைவது அவர்கள் ஊர்தான்.

உத்திரமேரூர் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரமும் இருக்கிறது. மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும் ஊர்கள் இவை. மேல் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியே கீழ் ஏரிக்கு இறங்கும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் நீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிப் போகிறது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து நீர் அடையாறாகிறது. ஓர் ஊரின் வடிகால் அடுத்த ஊரின் வரத்துக் கால்வாய் என்பதே இந்த அமைப்பின் சாரம்.

இந்தப் பிணைப்பைப் பராமரித்தது, ஊராரே ஏரி, கால்வாய்களைச் செப்பனிடும் குடிமராமத்து. பிரிட்டிஷாரின் ரயத்துவாரி வரிமுறையில் அது நலிந்தது. சென்னை மாகாணம் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றியது. கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊரில் உடல் வலுவுள்ளவர்களை வேலைக்கு அழைக்கலாம். பேரிடர்ச் சட்டம் என்றே அதைச் சொல்லலாம். ஆனால் உழைப்பு மட்டும் ஊரிடம், முடிவெடுக்கும் அதிகாரம் அரசிடம். பிற்காலத்தில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் பிரிந்தன. தண்ணீர் அந்தப் பிரிவினையை மதிப்பதில்லை.

1971இல் தோன்றிய, மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட், கால் நூற்றாண்டு கழித்து இந்த நிலவியலுக்குள் மூன்றாவது அதிகாரியாக நுழைந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996இல் அடிக்கல் நாட்டியது; 2006இல் நோக்கியாவும் 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும் உற்பத்தியைத் தொடங்கின. தொழிற்பூங்காவின் சாலையையும் மழைநீர் வடிகாலையும் சிப்காட் வகுக்கிறது. அந்த வடிகால் போய்ச் சேரும் தாங்கல் (சிற்றேரி) ஊராட்சியின் எல்லைக்குள் கிடக்கிறது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டம் (2005), மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஆணையம் அமைத்தது. அதன் 32ஆம் பிரிவு உள்ளாட்சிகளும் பேரிடர்த் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களை வரிசைப்படுத்தும் அரசமைப்பின் பதினோராம் அட்டவணையில் சிறுபாசனம் உண்டு, பேரிடர் இல்லை. கடமை ஒரு சட்டத்தில். அதிகாரத்தின் பட்டியல் வேறிடத்தில்.

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீர் விநாடிக்கு 29,000 கனஅடியைத் தொட்டது. அடையாற்றோர ஊர்களான வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கின. ஹூண்டாய், ரெனோ-நிசான், ராயல் என்ஃபீல்டு ஆலைகளில் உற்பத்தி நின்றது. மனிதத் தவறால் நேர்ந்த பேரிடர் இது என்று 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை கூறியது. பரிகாரமாக அடையாற்றோரம் மூடு கால்வாய்கள் வந்தன. அவசியமானவைதான். ஆனால் அவை கீழ்ப்பகுதிக்கான மருந்து. நீர் திரளும் மேல் ஏரிகளின் நிர்வாகம் பழையபடியே பிரிந்து கிடந்தது.

2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்துக்குப் புத்துயிர் கொடுத்தது. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தொடங்கிவைத்த இடம் மணிமங்கலம் ஏரி. முரண் என்னவென்றால், உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். மாவட்டப் பிரிவினையால் மேலும் தள்ளிப்போன தேர்தல் காஞ்சிபுரத்தில் 2021 அக்டோபரில்தான் நடந்தது. பெருவெள்ளத்தின் பாடத்தைத் திட்டமாக்கியிருக்க வேண்டிய ஐந்தாண்டுகளில் ஊராட்சி மன்றமே இல்லை.

2018 வெள்ளத்துக்குப் பின் கேரளம் தன் உள்ளாட்சிகள் ஒவ்வொன்றையும் பேரிடர்த் திட்டம் எழுதவைத்தது. ஒரகடத்துக்கு அதை அப்படியே எடுத்துவந்தால் போதாது. ஊராட்சி வாரியாக எழுதப்படும் திட்டம் கலங்கலோடு நின்றுவிடும். ஒரே ஏரித்தொடரில் உள்ள ஊராட்சிகள், சிப்காட், பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த நீர்வளத்துறை ஆகிய மூவரும் ஒரே வரைபடத்தில் வரத்துக் கால்வாய்களைக் குறித்து, எந்த அளவு மழைக்கு எந்த மதகை யார் திறப்பது, எந்தத் தெருவுக்கு யார் சொல்வது என்று ஐப்பசிக்கு முன்பே எழுதிக் கையொப்பமிட வேண்டியிருக்கும். மாவட்டத் திட்டக்குழு என்ற அமைப்பு இதற்குத் தோதாக அரசமைப்பிலேயே, 243இசட்டி பிரிவில், 1993 முதல் இருக்கிறது.