தீவகத்து வீதிகளில் முகப்பு விளக்கு

யாழ்ப்பாண நகரை விட்டுப் பண்ணைத் தாம்போதி வழியாக மேற்கே புறப்படும் வீதி, சிறிது தூரத்திலேயே கடலுக்குள் இறங்கிவிடுகிறது. இருமருங்கும் ஆழங் குறைந்த பரவைக் கடல். நடுவே ஒடுங்கிய ஒரு வீதி. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று அது தொடர்கிறது. பின்னர் ஒரு கிளை ஊர்காவற்றுறைக்குச் செல்ல, மற்றொன்று வாணர் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவை அடைகிறது. குறிகட்டுவான் இறங்குதுறையோடு வீதி முடிந்துவிடும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்து படகேறித்தான் போகவேண்டும்.

இந்த வீதிகளிலே நிலவில்லாத இரவில் மோட்டார் வண்டி ஓட்டியவர்களுக்கு, முகப்பு விளக்கின் அருமையை எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வீதி எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுவது அந்த விளக்கு ஒன்றே. அது உடைந்தாலோ மங்கினாலோ புதியதொன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வண்டியும் அதன் உறுப்புகளும் கடல்கடந்து வருகின்ற நாட்டிலே, அந்த வரவு பலமுறை நின்றுபோனதுண்டு. அக்காலங்களில் இருக்கும் விளக்கைக் காப்பதே வழியாயிற்று. அந்த வரலாற்றையே இன்று சிறிது நோக்குவோம்.

மாட்டுவண்டிக் காலத்திலே விளக்கு ஒரு பெரிய காரியமாக இருக்கவில்லை. வண்டியின் அச்சுக்குக் கீழே ஓர் அரிக்கன் லாம்பு தொங்கும். அதன் ஒளி, வண்டி வருகிறதென்று பிறருக்கு அறிவித்தாற் போதும். வழியை மாடு அறியும். மோட்டார் வண்டியோ வழியறியாதது, விரைந்து செல்வது. ஆகவே தூரத்தைக் காட்டும் விளக்கு அதற்கு வேண்டியதாயிற்று. தொடக்க காலத்து வண்டிகளில் கல்சியம் காபைட்டின் மேல் நீர் சொட்டவிட்டு, அதிலிருந்து எழும் அசற்றிலீன் வாயுவை எரித்தார்கள். 1912ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடிலாக் வண்டியிலே மின்சாரத்தால் இயந்திரத்தை இயக்கித் தொடக்கும் பொறியும் மின்விளக்கும் ஒருங்கே அமைந்தன. அதன்பின் தைனமோவும் பற்றரியும் எங்கும் பரவ, காபைட்டு விளக்கு மெல்ல மறைந்தது.

மின்விளக்கின் உயிர்நிலை அதன் குமிழ் மட்டுமன்று. குமிழுக்குப் பின்னேயுள்ள குழிந்த ஆடியே ஒளியைச் சேர்த்துத் தூரத்துக்கு அனுப்புகிறது. பரவளைவு வடிவில் அமைந்த அவ்வாடியின் குவியத்திலே இழை நிற்குமானால் ஒளி நேராகச் செல்லும். இழை சிறிது விலகினாலும் ஒளி சிதறும். முன்னேயுள்ள கண்ணாடியின் வரிகள் அந்த ஒளியை வீதியின் அகலத்துக்குப் பரப்புகின்றன. எதிரே வருபவரின் கண் கூசாமல் ஒளியைத் தாழ்த்துவதற்காக, ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகளை வைக்கும் முறை 1920களின் நடுப்பகுதியில் வந்தது. இலங்கையில் வீதியின் இடப்புறமாகவே செல்கிறோம். ஆகவே தாழ்ந்த ஒளி இடப்பக்கம் சாயவேண்டும். வலப்புறம் செல்லும் நாடுகளுக்கென்று செய்த விளக்கை இங்கே மாட்டினால், அது எதிரே வருபவரின் கண்ணிலேயே பாயும்.

இத்தகைய நுண்ணிய கருவிக்குத் தீவகத்தின் காற்று நல்ல நண்பனல்ல. சோளகம் வீசும் மாதங்களிலே தாம்போதியின் மேல் உப்புத்துளி தெறிக்கும், மணலும் பறக்கும். மணல் கண்ணாடியின் முகத்தைச் சிறுகச் சிறுகக் கீறும். உப்பீரம் விளிம்பின் திருகாணிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். கண்ணாடிக்கும் ஆடிக்கும் இடையிலுள்ள இறப்பர் வளையம் வெடித்துவிட்டால் ஈரம் உள்ளே புகுந்து வெள்ளிப்பூச்சைக் கருக்கிவிடும். மின்சாரம் திரும்பிச் செல்லும் ஏர்த் இணைப்பு துருப்பிடித்தால், புதிய குமிழ்கூட மங்கலாகவே எரியும். குமிழைப் பழிக்குமுன் கம்பியைப் பார் என்பது அனுபவம் உள்ள திருத்துநரின் முதற்பாடம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் யாழ்ப்பாணத்து வீதிகளிலே பெருகியவை பிரித்தானிய வண்டிகள். ஒஸ்ரின் ஏ 40 வண்டி 1947ஆம் ஆண்டிலும், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மொறிஸ் மைனரின் விளக்குகள் முதலில் முகப்புக் கம்பித் தட்டியோடு தாழ்வாக இருந்தன. விளக்கின் உயரம் பற்றிய அமெரிக்க விதிக்கு அமைய, அங்கு அனுப்பப்பட்ட வண்டிகளில் முதலில் அவற்றை உயர்த்தினார்கள். 1950களின் தொடக்கத்தில் எல்லா மைனர் வண்டிகளிலும் விளக்கு மேலேறிற்று. நம் ஊரில் எல்லோரும் அறிந்த அந்த வட்டக்கண் முகம் இவ்வாறு தோன்றியதே.

அக்காலத்து விளக்குகளிலே கவனிக்கத்தக்க ஒரு சிறப்பு உண்டு. பல கம்பனிகளின் வண்டிகளில் விளக்கு வட்டமானது. அதன் குறுக்களவு 7 அங்குலம். அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளோடு வந்த முத்திரையிட்ட விளக்கும் அதே அளவினதே. அதிலே கண்ணாடி, ஆடி, இழை மூன்றும் ஒன்றாக மூடப்பட்டிருந்தமையால் ஈரம் உட்புக இடமில்லை. அளவு ஒன்றாயிருந்தமையால், ஒரு வண்டியின் விளக்கு மற்றொரு வண்டிக்கு உதவக்கூடியதாயிற்று. இந்தப் பொது அளவின் பயன் பின்வந்த ஆண்டுகளில் நன்கு விளங்கிற்று.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி குறைந்தபோது, கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977ஆம் ஆண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில் பழைய வண்டியைப் பேணுவது பலருக்கும் கட்டாயமாயிற்று. ஓடாத வண்டியை எவரும் எறிந்துவிடவில்லை. அதன் கதவும் சில்லும் விளக்கும் வேறொரு வண்டியிலே மறுபிறவி எடுத்தன.

இரண்டாவது அடைப்பு இன்னுங் கொடியது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி முதலிய பல பொருள்கள் வருவதற்குத் தடையிருந்தது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் பலர் வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தார்கள். குடாநாட்டிலே சிறிது பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இயந்திர அழுத்தம் குறைந்த பழைய ஒஸ்ரினும் மொறிசும் அதைத் தாங்கின. வீடுகளிலே ஜாம்போத்தலுக்குள் திரியிட்டு விளக்கெரித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையாற் சுற்றி, அதன் தைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். வானொலி நேயர்களாகிய நாம் அந்தக் கைகளை மறத்தல் தகாது. அந்நாளிலே ஒரு காரின் நல்ல ஆடியும் எரியும் குமிழும் எத்தகைய செல்வமென்பதை ஊகித்தறியலாம். 2002ஆம் ஆண்டில் கண்டிவீதி திறக்கப்பட்டபோது தெற்கிலிருந்து வந்தோர் பலர், அரை நூற்றாண்டு வயதான கார்கள் வாடகைக்கு ஓடுவதைக் கண்டு வியந்தார்கள்.

அந்த வட்ட விளக்கை மாற்றும் முறையைச் சுருங்கச் சொல்லலாம். முதலில் வெளிவளையத்தின் கீழுள்ள திருகாணியைக் கழற்றவேண்டும். உள்ளே விளக்கைப் பிடித்திருக்கும் வளையத்தின் சிறு திருகாணிகளைத் தளர்த்தினால் விளக்கு வெளியே வரும். ஒளியின் திசையை அமைக்கும் வேறு திருகாணிகளும் அவ்விடத்தில் உண்டு. அவற்றை இவையென்று மயங்கித் திருகிவிடலாகாது. மாட்டி முடிந்ததும் வண்டியைச் சமதரையிலே ஒரு சுவருக்கு எதிரே 25 அடி தூரத்தில் நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரிலே குறித்து, தாழ்த்திய ஒளி அக்குறிக்குக் கீழே விழுகிறதா என்று பார்க்கவேண்டும்.

1960களில் ஐரோப்பிய வண்டிகளுக்கு வந்த ஹலஜன் குமிழ் மிகுந்த ஒளி தரும். ஆனால் பழைய வண்டியின் தைனமோ ஏறக்குறைய 20 அம்பியர் மின்னோட்டமே தரவல்லது. ஆளியும் கம்பியும் சிறியவை. ஆகவே வலிய குமிழைப் போடுவோர் தனிக்கம்பியும் றிலேயும் சேர்த்தே போடவேண்டும். ஹலஜன் குமிழை விரலால் தொடுதலும் கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடம் மிகச் சூடாகி, குமிழ் விரைவிற் பழுதாகும்.

காப்பு முறைகளோ மிக எளியவை. தாம்போதியைக் கடந்து வந்தபின் நன்னீரால் விளக்கின் முகத்தையும் விளிம்பையும் கழுவுதல், திருகாணிகளுக்குக் கிறீஸ் பூசுதல், வெடித்த இறப்பரைக் காலத்தில் மாற்றுதல் என்பன முதன்மையானவை. வெள்ளியாடியைத் துணியால் அழுத்தித் துடைப்பது தவறு. கறையோடு வெள்ளியும் போய்விடும். கல் தெறிக்கும் வீதிகளில் கம்பிவலை பூட்டுவது நன்று. ஆயினும் அவ்வலை ஒளியின் ஒரு பங்கை விழுங்குவதால் கண்கள் அகலமாக இருத்தல் வேண்டும்.

இக்காலத்தில் ஜப்பானிலிருந்து வரும் வண்டிகளின் விளக்கு, பொலிகாபனேற்று என்னும் பிளாத்திக்கால் மூடப்பட்டது. அது கல்லுக்கு எளிதில் உடையாது; வெயிலுக்குத் தோற்கும். மேற்பூச்சு அழிந்தால் மஞ்சளித்து மங்கும். நீர் தொட்ட நுண்ணிய மணற்கடதாசியால் தேய்த்துத் துலக்கலாம். ஆனால் புறவூதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை மீண்டும் பூசாவிட்டால் சில மாதங்களிலே பழைய மஞ்சள் திரும்பிவிடும். இன்னொரு குறையும் உண்டு. ஒவ்வொரு மாதிரிக்கும் விளக்கின் வடிவம் வேறு. ஒன்றன் விளக்கு மற்றொன்றுக்குப் பொருந்தாது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இருக்கும் வண்டியைப் பேணும் பழைய பாடத்தைப் புதிய தலைமுறையும் அப்போது படித்தது.

நெடுந்தீவிலே பவளக்கல் வேலிகளுக்கு இடையே ஆட்களை ஏற்றிச் செல்லும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கும் ஒரு விளக்கு வேண்டும். அந்த விளக்கும் படகிலேதான் வரவேண்டும். ஆகையால், கடலால் சூழப்பட்ட மக்களுக்குப் பொருளைக் காத்தல் சிக்கனம் மட்டுமன்று. பிறருயிர் பேணும் கடமையுமாம். துடைத்துத் துலக்கிச் சரியாகத் தாழ்த்திய விளக்கு, தன்னை ஓட்டுபவனுக்கு வழிகாட்டுகிறது. எதிரே சைக்கிளில் வரும் ஒருவனைக் கண்கூசிக் கடலுள் விழாமற் காக்கிறது. அந்த இரண்டையும் ஒருங்கே செய்யும் விளக்கே நல்ல விளக்கு.