சுவரைத் தொடாத சமநீதி: கலிபோர்னியப் பள்ளிக் கட்டடங்களின் நிதியும் கணக்கும்

கலிபோர்னியாவின் பள்ளி மாவட்டங்கள் கட்டடப் பணிக்குக் கடன் வாங்கிச் செலவழிக்கும் பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. எந்தக் கடன் பத்திரத்திலிருந்து வந்தது, எந்தப் பணிக்குப் போனது, எந்த ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கப்பட்டது என்பதையெல்லாம் ஆண்டுத் தணிக்கையில் தேடிப் பிடிக்கலாம். ஆனால் அந்தப் பணத்தில் புதுப்பித்த கூரை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் அதே தணிக்கையில் விடை இல்லை. பணம் கிடைக்காமல் தொடப்படாமலே நிற்கும் கூரைகள் எத்தனை என்பதற்கும் விடை இல்லை. இந்த இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே என்பது இக்கட்டுரையின் வாதம். கட்டட நிதியை உள்ளூர்ச் சொத்து வரியோடு பிணைத்த சட்டம், கணக்குக் கேட்கும் உரிமையையும் வரி செலுத்துபவரை மனத்தில் வைத்தே வகுத்தது. அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு அதில் இடமில்லை.

அமெரிக்கப் பள்ளி மாவட்டம் நாம் அறிந்த வருவாய் மாவட்டம் போன்றதல்ல. தேர்தலில் வென்ற குழு, தனக்கென ஓர் எல்லை, தனி வரவுசெலவுத் திட்டம், மக்கள் ஒப்புதலோடு கடன் வாங்கும் அதிகாரம் எல்லாம் உள்ள தனி உள்ளாட்சி அமைப்பு அது. எனவே ஒரு பள்ளிக்குப் புதுக் கழிவறை வேண்டுமா என்பதை அந்த எல்லைக்குள் வாழும் வாக்காளர்கள் தீர்மானிக்கிறார்கள். அதைக் கட்டும் வசதி உண்டா என்பதை அந்த எல்லைக்குள் இருக்கும் நிலமும் வீடும் கடையும் தீர்மானிக்கின்றன.

இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் செரானோ எதிர் பிரீஸ்ட் வழக்கில் 1971-ல் மாநில உச்ச நீதிமன்றம் கையில் எடுத்தது. தீர்ப்பில் இரண்டு ஊர்கள் அருகருகே நிறுத்தப்பட்டன. 1968-69 கல்வியாண்டில் பால்ட்வின் பார்க்கில் ஒரு மாணவருக்கான சொத்து மதிப்பீடு 3,706 டாலர். பெவர்லி ஹில்ஸில் 50,885 டாலர். பால்ட்வின் பார்க்கின் மக்கள் நூறு டாலர் மதிப்புக்கு 5.48 டாலர் வரி கட்டியும் ஒரு மாணவருக்கு 577 டாலர்தான் செலவழிக்க முடிந்தது. பெவர்லி ஹில்ஸ் 2.38 டாலர் மட்டும் கட்டி 1,231 டாலர் செலவழித்தது. வரிச்சுமை ஏழைக்கு அதிகம், பயன் பணக்காரருக்கு அதிகம். பிள்ளையின் கல்வி அக்கம்பக்கத்தாரின் செல்வத்தைப் பொறுத்து அமையக்கூடாது என்று நீதிமன்றம் கூறியதும், மாநிலம் நடைமுறைச் செலவுக்கான வருவாயைச் சமன் செய்யும் வழிக்கு வந்தது. ஆசிரியர் சம்பளம், புத்தகம், மின்கட்டணம் எல்லாம் அந்தச் சமன்பாட்டுக்குள் வந்தன, கட்டடம் வரவில்லை. அரை நூற்றாண்டு கடந்தும் செரானோவின் நீதி வகுப்பறைக்குள் நுழைந்ததே தவிர அதன் சுவரைத் தொடவில்லை.

1978-ல் மாநில மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய முன்மொழிவு 13 சொத்து வரியை மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்குள் அடக்கியது. அதன்பின் எட்டு ஆண்டுகள், சொத்து வரியை நம்பிப் புதுக் கடன் பத்திரம் வெளியிடும் வழியே மாவட்டங்களுக்கு அடைபட்டிருந்தது. 1986-ல் முன்மொழிவு 46 அந்த வழியைத் திறந்தது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றது. பெரும்பான்மை ஆதரித்தும் பல கடன் முன்மொழிவுகள் இந்த வரம்பில் மோதி விழுந்தன. 2000 நவம்பரில் வந்த முன்மொழிவு 39 வரம்பை 55 விழுக்காடாகத் தளர்த்தி, பதிலுக்குக் கணக்குக் காட்டும் கடமைகள் சிலவற்றை விதித்தது. கூடவே ஒரு வரி உச்சவரம்பும் வந்தது: தொடக்கப்பள்ளி முதல் மேல்நிலை வரை நடத்தும் மாவட்டம் ஒரு முன்மொழிவின் கீழ் ஒரு லட்சம் டாலர் மதிப்புக்கு 60 டாலருக்கு மேல் வரி விதிக்கும்படி கடன் வாங்கக்கூடாது. அதன் மொத்தக் கடன், மதிப்பீட்டில் 2.5 விழுக்காட்டைத் தாண்டவும் கூடாது.

காகிதத்தில் இந்த வரம்பு எல்லோருக்கும் ஒன்றே. கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சமமான மாணவர் எண்ணிக்கை கொண்ட இரண்டு மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் மொத்த மதிப்பீடு 1,000 கோடி டாலர், மற்றொன்றினுடையது 100 கோடி. முதலாவது உச்சவரம்பு வரை வரி விதித்தால் ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் திரளும். 25 கோடி வரை கடன் வாங்கலாம். இரண்டாவதுக்கு அதே வரி விகிதத்தில் திரள்வது 6 லட்சம். கடன் எல்லை இரண்டரைக் கோடி. வீட்டுக்காரர் இரண்டு ஊரிலும் ஒரே விகிதத்தில்தான் கட்டுகிறார். பிள்ளைக்குக் கிடைப்பதில் பத்து மடங்கு வேறுபாடு. செரானோ தீர்ப்பு கண்டித்த அதே கணக்குதான் இது, வேறொரு தலைப்பின் கீழ்.

இதைச் சரிசெய்ய மாநில மானியம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1998-ல் வடிவம் பெற்ற பள்ளி வசதித் திட்டம் புதுக்கட்டடத்துக்குப் பாதியையும், பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க அறுபது விழுக்காட்டையும் மாநிலக் கடன் பத்திரங்களிலிருந்து தருகிறது. ஆனால் மீதியை மாவட்டம் முதலில் எடுத்து வைக்க வேண்டும், விண்ணப்பமும் முன்னதாக வந்திருக்க வேண்டும். எடுத்து வைக்கப் பணமும், விண்ணப்பம் தயாரிக்கக் கட்டடக் கலைஞரும் ஆலோசகரும் உள்ள மாவட்டமே வரிசையில் முன்னால் நிற்கும். மிகவும் நலிந்தவற்றுக்கு நிதிநெருக்கடிச் சலுகை உண்டு. அந்த வாசலுக்குச் சற்று மேலே இருக்கும் மாவட்டங்களின் பாடுதான் திண்டாட்டம். 2016-ல் 900 கோடி டாலருக்கான முன்மொழிவு 51-ஐ ஆளுநர் ஜெரி பிரவுனே எதிர்த்தார். ஏழைச் சமூகங்களுக்குப் போக வேண்டிய பணம் சிதறிவிடும் என்பது அவர் கவலைகளில் ஒன்று. அது நிறைவேறியது. 2020 மார்ச்சில் 1,500 கோடிக்கான முன்மொழிவு தோற்றது. 2024 நவம்பரில் 1,000 கோடிக்கான முன்மொழிவு 2 வென்றது. அதில் நலிந்த மாவட்டங்களுக்கு மாநிலப் பங்கு அதிகபட்சம் ஐந்து விழுக்காட்டுப் புள்ளி கூடுகிறது. நல்ல திசைதான். பத்து மடங்கு இடைவெளியை ஐந்து புள்ளியால் மூட முடியாது.

அப்படியானால் முழுப் பொறுப்பையும் மாநிலமே ஏற்கட்டும் என்று சொல்லிவிடலாமா? அரிசோனாவின் அனுபவம் நம்மை நிதானிக்கச் செய்கிறது. அங்கும் 1994-ல் உச்ச நீதிமன்றம் கட்டட நிதி முறையைச் செல்லாது என்றது. 1998-ல் மாநிலமே கட்டித்தரும் சட்டம் வந்தது. பொருளாதாரம் சரிந்தபோது பழுதுபார்ப்புக்கான ஒதுக்கீடுதான் முதலில் வெட்டப்பட்டது, 2017-ல் மாவட்டங்கள் மறுபடி வழக்குத் தொடுத்தன. பணம் எங்கிருந்து வருகிறது என்பது பாதிக் கேள்விதான். வராதபோது அது யார் கண்ணிலாவது படுகிறதா என்பது மறுபாதி. கணக்கியல் இங்கேதான் உள்ளே வருகிறது.

முன்மொழிவு 39 விதித்த கடமைகள் அற்பமானவை அல்ல. செய்யப்போகும் பணிகளின் பட்டியலை வாக்கெடுப்புக்கு முன்பே வெளியிட வேண்டும். ஆண்டுதோறும் நிதித் தணிக்கையும் செயல்திறன் தணிக்கையும் நடக்க வேண்டும். வணிகர், முதியோர், வரி செலுத்துவோர் அமைப்புகளிலிருந்தும் பெற்றோரிலிருந்தும் உறுப்பினர்கள் அமர்ந்த, ஏழு பேருக்குக் குறையாத குடிமக்கள் மேற்பார்வைக் குழு வேண்டும். மாவட்ட ஊழியரோ ஒப்பந்ததாரரோ அதில் உட்கார முடியாது. இவ்வளவும் விடை தேடுவது ஒரே கேள்விக்கு: சொன்ன பட்டியலுக்குள் பணம் செலவானதா? செயல்திறன் தணிக்கை என்ற பெயர் இருந்தாலும் நடைமுறையில் பல மாவட்டங்களில் அது இந்தச் சரிபார்ப்பைத் தாண்டுவதில்லை. பட்டியலே தவறாகத் தீட்டப்பட்டிருந்தால் அதைக் கேட்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. 2013-ல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் கட்டடக் கடன் பத்திரப் பணத்தில் மாணவர்களுக்கு ஐபேட் வாங்கத் தொடங்கியபோது, சில ஆண்டுகளில் பழசாகும் கருவிக்குப் பல்லாண்டுக் கடனா என்ற கேள்வி எழுந்தது. உபகரணம் வாங்கச் சட்டத்தில் இடமிருந்ததால் அந்தக் கேள்வி கணக்கின் கேள்வியாகவே ஆகவில்லை.

போவே மாவட்டத்தின் கதை இதைவிடக் கூர்மையானது. சான் டியேகோவுக்கு வடக்கே உள்ள இந்த வசதியான மாவட்டம், வரி விகிதம் உயராது என்று 2008-ல் வாக்காளர்களிடம் உறுதி சொல்லி ஒப்புதல் பெற்றது. உறுதியைக் காக்க 2011-ல் ஒரு வழி கண்டது: சுமார் 10.5 கோடி டாலர் கடன், இருபது ஆண்டுகளுக்குத் தவணையே கிடையாது, அதுவரை வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போகும். 2051-க்குள் திருப்பித் தர வேண்டியது ஏறத்தாழ 98 கோடி. இது எப்படிக் கண்ணில் படாமல் போனது? கணக்கு எழுதப்படும் முறையைப் பார்த்தால் புரியும். கடன் பத்திரம் விற்ற பணம் கட்டட நிதியில் வரவாக ஏறுகிறது. அதைத் திருப்பிக் கட்டும் சொத்து வரி வேறொரு நிதியில், கவுண்டி அலுவலகத்தின் கையில் வந்துபோகிறது. கூடிக்கொண்டே போகும் வட்டிப் பொறுப்பு, மாவட்டம் முழுமைக்குமான ஒருங்கிணைந்த அறிக்கையில் மட்டும் தலைகாட்டுகிறது. பள்ளிக்குழுவின் கூட்ட மேசைக்கு வரும் கட்டட நிதித் தாளில் தெரிவது வரவு மட்டுமே. எந்த விதியும் மீறப்படவில்லை, எந்த எண்ணும் பொய்யில்லை. செய்தி வெளியானபின் 2013-ல் மாநிலம் இவ்வகைக் கடனை 25 ஆண்டுகளுக்குள்ளும், திருப்பித் தருவது வாங்கியதில் நான்கு மடங்குக்குள்ளும் அடக்கியது.

பராமரிப்புக்கு வருவோம், என் பார்வையில் இந்த முறையின் ஆழமான பிழை இங்கேதான் இருக்கிறது. கடன் பத்திரப் பணத்தை நடைமுறைச் செலவுக்குத் தொடக்கூடாது என்பது சட்டம். கொள்கையளவில் நியாயமான தடை. விளைவைப் பாருங்கள். கூரையில் ஒரு விரிசலை அடைக்கும் செலவு பொது நிதியில் விழுகிறது. அங்கே அது ஆசிரியர் சம்பளத்தோடு போட்டியிட வேண்டும். விரிசலை விட்டுவிட்டுக் கூரையே போனால், புதுக்கூரைக்குக் கடன் பத்திரப் பணம் எடுக்கலாம். சிறு மராமத்தைத் தள்ளிப்போடுவதற்குக் கணக்கே கூலி கொடுக்கிறது. மாநில மானியம் பெறும் மாவட்டங்கள் பொது நிதிச் செலவில் மூன்று விழுக்காட்டை வழக்கமான பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி இதற்குத் தடுப்பாக இருந்தது. 2008-க்குப் பிந்தைய நெருக்கடியில் அதுவும் தளர்த்தப்பட்டது. தள்ளிப்போட்ட மராமத்து எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் கடனாக எழுதப்படுவதில்லை. 1999-ல் வந்த அரசுக் கணக்கியல் தரநிலை 34 கட்டடத்துக்குத் தேய்மானம் எழுதச் சொன்னது, அவ்வளவுதான். தேய்மானம் கட்டடத்தின் வயதைச் சொல்லும், அதன் உடல்நிலையைச் சொல்லாது. கடன் வாங்க வசதியில்லாத மாவட்டம் பழைய குழாயையும் கொதிகலனையும் பொது நிதியிலிருந்தே ஒட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறது. செரானோ சமன் செய்துகொடுத்த அந்த நடைமுறைப் பணம் இப்படித்தான் சுவர் வழியாகக் கசிந்து போகிறது.

கட்டடத்தின் உடல்நிலையைப் பார்க்கும் ஒரு தாள் கலிபோர்னியாவில் ஏற்கெனவே உண்டு. எலிகளும் உடைந்த கழிவறைகளும் நிறைந்த பள்ளிகளின் மாணவர்கள் 2000-ல் தொடுத்த வில்லியம்ஸ் வழக்கு 2004-ல் சமரசத்தில் முடிந்தது. அதன் பயனாக வந்தது இந்த வசதி ஆய்வுப் படிவம். எரிவாயுக் கசிவு, உட்சுவர், பூச்சித் தொல்லை, மின் இணைப்பு, கழிவறையும் குடிநீர்க் குழாயும், தீப் பாதுகாப்பு, கூரை, விளையாட்டுத் திடல் என்று வரிசையாகக் குறித்து, இறுதியில் பள்ளிக்கு ஒரு தரம் இடுகிறார்கள். நல்ல படிவம். ஆனால் பெரும்பாலும் மாவட்டமே தன் பள்ளிக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறது. பார்ப்பவர் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. கொதிகலன் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்வி அதில் இல்லை. முக்கியமாக, இந்தத் தாளும் தணிக்கை அறிக்கையின் செலவுப் பட்டியலும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

இதே மாநிலம் 1933-ல் வேறு விதமாக நடந்துகொண்டது. அந்த ஆண்டு மார்ச் 10 மாலை லாங் பீச் நிலநடுக்கத்தில் ஏராளமான பள்ளிக் கட்டடங்கள் இடிந்தன. வகுப்பு முடிந்த நேரமானதால் பிள்ளைகள் தப்பினர். சரியாக ஒரே மாதத்தில் ஃபீல்டு சட்டம் வந்தது. அன்றிலிருந்து எந்த ஊர்ப் பள்ளியானாலும், ஏழை மாவட்டமோ பணக்கார மாவட்டமோ, கட்டட வரைபடத்தை மாநிலக் கட்டடக்கலைத் துறை சரிபார்த்தாக வேண்டும். சுவர் விழுந்தால் உள்ளூர் விவகாரம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. 2020-ல் கூட்டாட்சிக் கணக்காய்வு அலுவலகம், நாட்டின் மாவட்டங்களில் 41 விழுக்காடு தம் பள்ளிகளில் பாதிக்காவது காற்றோட்ட, வெப்பக் கருவிகளைப் புதுப்பிக்கவோ மாற்றவோ வேண்டிய நிலையில் இருப்பதாகக் கணித்தது. மூச்சுவிடும் காற்றும் நில அதிர்வைப் போலவே பொதுக் கவலைதான்.

முன்மொழிவு 2-ஓடு வந்த சட்டம், மாநிலப் பணம் கேட்கும் மாவட்டங்கள் ஐந்தாண்டுத் திட்டமும் கட்டடங்களின் பட்டியலும் தர வேண்டும் என்கிறது. முதல்முறையாகக் கட்டடம் கணக்கின் அருகே வருகிறது. சட்டமன்றம் இன்னும் மூன்று அடி எடுத்துவைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு கட்டடத்தின் நிலையையும் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் பொறியாளர் குறிக்க வேண்டும். தள்ளிப்போட்ட மராமத்தின் மதிப்பு ஆண்டுத் தணிக்கை அறிக்கையில் கடனுக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும். மாநில மானியத்தின் பங்கு, ஒரு மாணவருக்கான சொத்து மதிப்பீட்டுக்கு நேர் எதிராக, ஐந்து புள்ளி என்ற கூரையின்றி உயர வேண்டும். மூன்றாவதைத் தவிர மற்ற இரண்டுக்கும் பெரிய பணம் தேவையில்லை. அடுத்த கூட்டத்தொடரிலேயே அவற்றைச் சட்டமாக்கலாம்.