கொங்கு நாட்டில் குழந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சையும் குடும்ப வாழ்வும்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். அதிலும் 'ஏஎல்எல்' என்று மருத்துவமனைகளில் சுருக்கமாக வழங்கப்படும் வகையே முதலிடம் பெறுகிறது. இதற்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். அத்தனை காலமும் ஒரு குடும்பம் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே பிரிந்து வாழ நேரிடுகிறது. மருந்துகளின் வரலாறு நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. குழந்தையின் கட்டிலுக்கு அருகே பாய் விரித்துப் படுத்த தாயின் வரலாறு அவ்வளவாக எழுதப்படவில்லை. பொள்ளாச்சியையும் கோவையையும் மையமாகக் கொண்டு அவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

மருந்துகள் வந்த வழி

1940கள் வரை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்துவிடும் என்பதே உலகெங்கும் நிலை. 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், அமினோப்டெரின் என்ற மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. இம்முடிவு 1948 ஜூன் மாதம் வெளியாயிற்று. அந்த மருந்தை உருவாக்கித் தந்த லெடர்லி ஆய்வகக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் அதே 1948 ஆகஸ்டில் மறைந்தார். தம் மருந்தின் வழியில் வந்த சிகிச்சை குழந்தைகளை முழுமையாகக் குணப்படுத்தும் காலத்தை அவர் காணவில்லை.

இன்னொரு மருந்து நம் வீட்டு வாசலிலேயே பூத்துக்கொண்டிருந்தது. நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்றெல்லாம் அழைக்கப்படும் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வின்கிரிஸ்டின், 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றும் ஏஎல்எல் சிகிச்சையின் முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை போடப்படும் ஊசி இதுவே. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் இச்செடி பயிரிடப்பட்டு ஏற்றுமதியாகிறது. சுடுகாட்டின் பெயரால் அறியப்பட்ட செடி குழந்தைகளைப் பிழைக்க வைத்ததைச் செடிக்குப் பெயர் வைத்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரே மருந்தால் நோயை வெல்ல முடியாது, பல மருந்துகளைச் சேர்த்து நீண்டகாலம் கொடுக்க வேண்டும் என்பது 1960களில் தெளிவாயிற்று. 1962இல் மெம்பிஸ் நகரில் தொடங்கப்பட்ட புனித ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் வகுத்த முறை, பாதிக் குழந்தைகளைக் குணமாக்கலாம் என்று காட்டியது. சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீண்டதும் இப்போதுதான். நோய் ஆறத் தொடங்கிய காலமே குடும்பத்தின் நெடிய அலைச்சல் தொடங்கிய காலமும் ஆகும்.

அடையாறு

தமிழகத்தில் இவ்வரலாறு ஒரு குடும்பத்தின் துயரத்திலிருந்து தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் அவர் எடுத்த முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று பன்னிரண்டு படுக்கைகளுடன் அது திறக்கப்பட்டது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தனர். குழந்தைகளுக்கான தனிப்பிரிவு 1960இல் அங்கே தொடங்கப்பட்டது. புற்றுநோய் என்றாலே கைவிடப்பட்டதாகக் கருதிய காலத்தில், குழந்தைக்கென்று தனிக் கட்டில் போட்டதே ஒரு துணிவு.

1980களின் நடுவில் அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 'எம்சிபி 841' என்ற பொதுச் சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. இந்தியாவில் கிடைக்கும் வசதிக்கேற்ப வகுக்கப்பட்ட முறை இது. அதன் பதினான்கு ஆண்டு அனுபவம் 2005இல் வெளியானபோது, மையத்துக்கு மையம் வேறுபட்டாலும், ஏறத்தாழ நாற்பது முதல் அறுபது விழுக்காட்டுக் குழந்தைகள் நோய் திரும்பாமல் வாழ்ந்தது தெரிந்தது. முன்பு இருந்த நிலையோடு ஒப்பிட இது பெரும் பாய்ச்சல். சாந்தா 2005இல் ரமோன் மகசேசே விருது பெற்றார். 2021 ஜனவரியில் மறைந்தார்.

பொள்ளாச்சியிலிருந்து

அடையாறு பொள்ளாச்சிக்கு அருகில் இல்லை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கோவைக்குப் பேருந்து, அங்கிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் அல்லது சேரன் எக்ஸ்பிரஸ், விடிந்தால் சென்னை. இதுதான் பல ஆண்டுக்காலப் பாதை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களும் உண்டு. 1981இல் திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் அமைந்தபின், பாலக்காட்டு வழியாகத் தெற்கே செல்லும் வாய்ப்பும் பிறந்தது. இரயில்வே துறை புற்றுநோயாளிகளுக்குத் தரும் சலுகை இக்குடும்பங்களுக்குச் சிறிய உதவி அன்று: படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, உடன் செல்பவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி.

கோவை மெல்ல மெல்ல மருத்துவ நகரமாயிற்று. ஜி. குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை 1952இலும், கோவை மருத்துவக் கல்லூரி 1966இலும், ஸ்ரீ ராமகிருஷ்ணா மருத்துவமனை 1975இலும், கோவை மெடிக்கல் சென்டர் 1990இலும் தொடங்கப்பட்டன. இவற்றில் புற்றுநோய்ப் பிரிவுகள் வளர்ந்ததும், பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை, வால்பாறைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு உக்கடம் பேருந்து நிலையமே மருத்துவமனையின் முன்வாசல் போலாயிற்று. சுமார் நாற்பது கிலோமீட்டர். தொலைவு குறைந்தது, பயணத்தின் எண்ணிக்கை குறையவில்லை.

வார்டு என்னும் ஊர்

முதல் நான்கு வாரம் பெரும்பாலும் மருத்துவமனையில்தான். வின்கிரிஸ்டின் ஊசி, முதுகுத்தண்டில் செலுத்தும் மருந்து, தினமும் பிரட்னிசோலோன் மாத்திரை. இம்மாத்திரை தின்னும் குழந்தைக்கு அடங்காப் பசி எடுக்கும். நள்ளிரவில் இட்லி கேட்கும், முகம் உப்பும், காரணமின்றிச் சினக்கும். விவரம் அறியாத உறவினர் 'புள்ளை தேறிவிட்டது' என்று மகிழ்வர். அது மருந்தின் வீக்கம் என்று தாய்க்கு மட்டும் தெரியும்.

வார்டில் வணக்கத்துக்குப் பதில் கேட்கப்படும் கேள்வி 'இன்னைக்குக் கவுன்ட் எவ்வளவு?' என்பது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் தாய்மார்கூட இரத்த அறிக்கையில் வெள்ளணுவும் தட்டணுவும் எந்த வரியில் இருக்கும் என்பதைச் சில வாரங்களில் அறிந்துகொள்வர். தட்டணு இறங்கினால் ஊரிலிருந்து இரத்தம் கொடுக்க ஆள் வர வேண்டும். அப்போது சித்தப்பனும் மாமனும் பங்காளிகளும் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வருவர். கல்யாணத்துக்கு வேன் பிடிப்பது போல இரத்தம் கொடுக்க வேன் பிடித்து வருவதும் கொங்கு நாட்டு உறவு முறையில் சேர்ந்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1950களில் பிரிட்டிஷ் மருத்துவமனைகள் பலவற்றில் பெற்றோர் குழந்தையைப் பார்க்கக் கடுமையான நேரக் கட்டுப்பாடு இருந்தது. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், தனியே விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையின் தவிப்பைப் படமெடுத்து 1952இல் காட்டினார். 1959இல் வெளியான பிளாட் குழுவின் அறிக்கை, தாயை உடன் இருக்க விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் மருத்துவமனைகளில் தாய் உடன் இருப்பது பரிந்துரையால் வந்ததன்று. ஆள் பற்றாக்குறையாலும் வழக்கத்தாலும் வந்தது. துடைப்பது, ஊட்டுவது, சொட்டுநீர் தீர்ந்ததும் செவிலியரை அழைப்பது எல்லாம் அவள் வேலை. இதைப் பெருமையாக மட்டும் பேசுவது நியாயமாகாது. அவள் எங்கே குளித்தாள், எப்போது உண்டாள் என்று கேட்க யாரும் இல்லாத காலம் நீண்டிருந்தது. வெளியூர்க் குடும்பங்கள் தங்குவதற்கான இல்லங்களை 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா அமைப்பு, பின்னர் சென்னையிலும் அமைத்தது.

வேப்பிலையும் மொட்டையும்

முடி உதிர்வது பெரியவர்களுக்கே கொடுமை. கொங்கு நாட்டில் குழந்தைகளுக்கு ஒரு சிறு மறைப்பு உண்டு. பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்த குழந்தை இல்லாத தெரு இல்லை. ஆகவே 'பழனிக்குப் போயிருந்தோம்' என்று சொல்லிவிட்டால் வழியில் போகிறவர் மேலே கேட்பதில்லை. நோயின் பெயரைச் சொல்லாமல் 'ரத்தத்தில் கோளாறு' என்று நிறுத்திக்கொள்வதும் இவ்வகையே. பெண் குழந்தையாக இருந்தால் இம்மறைப்பு இன்னும் இறுக்கமாகும். பின்னாளில் திருமணம் கெடுமோ என்ற அச்சம் பெற்றோரை வாய் திறக்க விடுவதில்லை.

அம்மை மற்றொரு செய்தி. சிகிச்சையிலுள்ள குழந்தைக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவது நம் வழக்கம். பக்தியால் வந்த அவ்வழக்கம், இக்குழந்தைகளின் பெற்றோருக்கு எச்சரிக்கைப் பலகையாகப் பயன்படுகிறது. வேப்பிலை கண்ட வீதியைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஆனைமலை மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்ட தாயே மருத்துவர் சொல்லுக்கு அஞ்சித் திருவிழாக் கூட்டத்தைத் தவிர்ப்பாள். அவளுக்கு இரண்டிலும் முரண்பாடு தெரிவதில்லை.

ஊரில் இருப்பவர்கள்

தாய் வார்டில் இருக்க, தந்தை பெரும்பாலும் ஊரிலேயே இருக்க வேண்டும். கறவை மாட்டுக்கு விடுமுறை கிடையாது. காலை மாலை பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றியாக வேண்டும். தென்னந்தோப்புக்காரருக்கு வெட்டு, தண்ணீர். நார் ஆலைக் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைத் தந்தையாகிவிடுகிறார். மாடு விற்பதற்குப் பொள்ளாச்சிச் சந்தை இருக்கிறது. ஆனால் மாட்டை விற்றபின் அடுத்த மாதச் செலவுக்குப் பால் பணம் இராது.

மிகவும் மறக்கப்படுபவர் கூடப்பிறந்தவர். அம்மிச்சி வீட்டில் விடப்பட்டு, வேறு பள்ளிக்கு மாறி, அம்மாவைக் கைப்பேசியில் மட்டும் கேட்டு வளரும் பிள்ளை. மூத்தவள் பெண்ணானால் அடுப்படியும் அவள் தலையில் விழும். எலும்பு மச்சை மாற்றம் தேவைப்படும்போதுதான் திடீரென்று அப்பிள்ளை முக்கியமாகிறது. இந்தியாவில் முதல் எலும்பு மச்சை மாற்றம் 1983இல் டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. உடன்பிறந்த ஒருவரின் திசு முழுதும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. பொருந்தாத பிள்ளை அது தன் குற்றம் என்று எண்ணிவிடாதபடி யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இடையில் நிற்பது

நான்கு வாரமோ அதற்கு மேலோ தொடர்ந்து சிகிச்சைக்கு வராவிட்டால் அதைச் 'சிகிச்சை கைவிடல்' என்று பன்னாட்டுக் குழந்தைப் புற்றுநோய்ச் சங்கம் வரையறுக்கிறது. இது பெரும்பாலும் குழந்தை நலமாகத் தோன்றும்போதுதான் நிகழ்கிறது. முடி முளைக்கிறது, ஓடியாடுகிறது. தினம் மெர்கேப்டோபியூரின், வாரம் ஒருமுறை மீத்தோட்ரெக்சேட் என்று இன்னும் ஓராண்டுக்கு மேல் ஏன் தின்ன வேண்டும் என்ற கேள்வி வீட்டுப் பெரியவர்களிடமிருந்து எழுகிறது. திரும்பி வரும் நோய் முதல் தடவையைவிட அடங்காதது என்பது அப்போது யார் நினைவிலும் இருப்பதில்லை.

பணத் தடையை ஓரளவு தளர்த்தியது 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. நிலத்தை அடகு வைக்காமல் சிகிச்சையைத் தொடங்க முடிந்தது இத்திட்டங்களால்தான். ஆனால் காப்பீடு மருத்துவமனைக்குச் செலுத்தப்படுவது. பேருந்துக் கட்டணம், அறை வாடகை, விட்டுப்போன கூலி ஆகியவை குடும்பத்தின் கணக்கிலேயே நிற்கின்றன. வளர்ந்த நாடுகளில் இன்று எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைக்க, வறிய நாடுகள் பலவற்றில் முப்பதுக்கும் குறைவாகவே பிழைக்கின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2030க்குள் அறுபது விழுக்காட்டை எட்டுவது 2018இல் அது வகுத்த இலக்கு.

மீண்டும் பள்ளி

சிகிச்சை முடிந்த பிள்ளை வகுப்பறைக்குத் திரும்புவது மருத்துவ அறிக்கையில் வராத ஒரு கட்டம். இரண்டாண்டு இடைவெளி, நின்றுபோன வாய்ப்பாடு, ஒட்டிக்கொள்ளும் நோய் என்று தவறாக எண்ணிப் பக்கத்தில் உட்கார அஞ்சும் சக மாணவர். புற்றுநோய் தொற்றாது என்பதை ஆசிரியர் ஒருவர் முதல் நாளே வகுப்பில் சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீரும். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், இடையில் நின்ற குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவும், விட்டுப்போன பாடங்களுக்குத் தனிப் பயிற்சி தரவும் வழி செய்கிறது. பழைய வகுப்புத் தோழர்களுடனேயே அமரலாம். ஒரு வகுப்புக் கீழே இறக்கப்பட வேண்டியதில்லை. அவ்வப்போது பரிசோதனைக்கு மட்டும் விடுப்பு வேண்டும்.