கணினிக்குள் குடியேறிய நேர மண்டலங்கள்

யுனிக்ஸ் வழிவந்த இயக்குதளங்கள் யாவும், 1970 ஜனவரி 1 அன்று உலகப் பொது நேரப்படி நள்ளிரவு தொடங்கி இதுவரை எத்தனை விநாடி கழிந்தன என்பதை எண்ணிவருகின்றன. கணினிக்குத் தெரிந்த நேரம் அந்த ஓர் எண்தான். திரையில் சென்னை நேரமோ டொராண்டோ நேரமோ தெரிய வேண்டுமானால், அந்த எண்ணோடு எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு கழிப்பது என்று கணினியில் எங்கேனும் எழுதி வைத்திருக்க வேண்டும். இந்தியாவுக்குக் கூட்ட வேண்டியது 19,800 விநாடி. அதை எங்கே எழுதுவது என்பது 1980களின் நடுப்பகுதி வரை தீராத சிக்கலாக இருந்தது.

பெல் ஆய்வகத்தில் உருவான தொடக்ககால யுனிக்ஸில் அந்தக் கணக்கு நிரலுக்குள்ளேயே பொதிந்திருந்தது. கிரீன்விச்சிலிருந்து எத்தனை மணி மேற்கே என்பதும், அமெரிக்காவில் கோடைக்கால நேரம் எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதும் நிரலின் வரிகளாகவே இருந்தன. எண்ணெய் நெருக்கடியால் அமெரிக்கா 1974இல் ஜனவரியிலேயே கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளியது. 1975இல் பிப்ரவரி இறுதியில் தள்ளியது. அவ்விரு ஆண்டுகளுக்கான விதிவிலக்கும் நிரலில்தான் சேர்க்கப்பட்டது. வேறு நாட்டில் இயந்திரத்தை நிறுவியவர்கள் மூல நிரலைத் திருத்தி மறுபடி தொகுக்க வேண்டியிருந்தது.

பின்னர் சிஸ்டம் ஃபைவ் வகை யுனிக்ஸ், நேர மண்டலத்தைச் சூழல் மாறியாக வெளியே எடுத்து வைத்தது. மண்டலத்தின் சுருக்கப் பெயரையும் மணிக் கணக்கையும் சேர்த்து ஒரு சிறு சரமாகப் பயனர் எழுதிவிடலாம். அமெரிக்காவில் பிறந்த வழக்கம் ஆதலால் மேற்கே உள்ள மண்டலங்களுக்குக் கூட்டல் குறி, கிழக்கே உள்ளவற்றுக்குக் கழித்தல் குறி. இந்திய நேரத்தை 'ஐஎஸ்டி கழித்தல் 5:30' என்றே எழுத வேண்டும். பாசிக்ஸ் தரத்திலும் இந்த முறை இடம்பெற்றுவிட்டதால் இன்றும் கணினிப் பொறியாளர்களை இது தடுமாற வைக்கிறது. அதைவிடப் பெரிய குறை, அந்தச் சரத்தால் ஒரே ஒரு விதியைத்தான் சொல்ல முடிந்தது. சென்ற ஆண்டு வேறு விதி இருந்தது என்பதை அது அறியாது.

1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் கோடைக்கால நேரத்தின் தொடக்கத்தை ஏப்ரல் கடைசி ஞாயிறிலிருந்து முதல் ஞாயிறுக்கு மாற்றியது. சட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் நிரலைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் டேவிட் ஓல்சன், விதிகளை நிரலிலிருந்து முழுமையாகப் பிரித்தெடுத்தார். விதிகள் எவரும் படிக்கக்கூடிய உரைக் கோப்பில் இருக்கும். 'ஜிக்' என்ற சிறு தொகுப்பான் அதைப் படித்து, மண்டலத்துக்கு ஒன்றாக இருமக் கோப்புகளை உண்டாக்கும். எந்தக் கணத்தில் நேரம் மாறியது, மாறியபின் எவ்வளவு கூட்டுவது என்ற பட்டியல்தான் அந்தக் கோப்பு. சட்டம் மாறினால் கோப்பை மட்டும் மாற்றினால் போதும். பழைய மாற்றங்கள் பட்டியலில் அப்படியே நிற்கும். நேர மண்டலத்தை ஓர் எண்ணாகக் கருதாமல் ஒரு வரலாறாகக் கருதியதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. பெர்க்லி யுனிக்ஸும் சன் நிறுவனமும் இதை விரைவிலேயே ஏற்றன. பின்னாளில் லினக்ஸும் இதையே எடுத்துக்கொண்டது.

கோப்புகளுக்குப் பெயரிடும் முறை 1993இல் ஒழுங்கானது. இந்தக் கோப்புத் தொகுப்பில் பங்களித்த பால் எக்கர்ட் முன்வைத்தபடி, கண்டத்தின் பெயரும் அம்மண்டலத்தின் பெரிய நகரத்தின் பெயரும் சேர்ந்து ஒரு மண்டலத்தைக் குறிக்கும். நாடுகள் பிரியும், சேரும், பெயர் மாறும். நகரங்கள் அவற்றைவிட நிலைத்திருக்கும் என்பது காரணம். நகரங்களின் பெயரும் மாறத்தான் செய்தது. கல்கத்தா கொல்கத்தா ஆனபின் கோப்பின் பெயரும் மாறியது. பழைய பெயரையே நம்பியிருக்கும் மென்பொருள்களுக்காக அதுவும் ஓர் இணைப்பாக நீடிக்கிறது.

அந்தக் கொல்கத்தா கோப்பில் மதராஸின் நேரமும் பதிவாகியுள்ளது. 1792இல் மதராஸ் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த வானியல் ஆய்வு நிலையத்தில் 1802இல் ஜான் கோல்டிங்ஹாம் தீர்க்கரேகையைக் கணித்தார். அங்கிருந்து கணக்கிட்ட மதராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் சொச்சம் முன்னால். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறக்குறைய நடுவில் அமைந்ததால் இந்திய ரயில்கள் அந்த நேரப்படி ஓடின. 1870 முதல் 1905 முடிய கோப்பு காட்டும் வேறுபாடு 5:21:10. 1906 ஜனவரி 1 முதல் 5:30. கல்கத்தா நகரம் 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் சொந்த நேரத்தைக் கைவிடவில்லை என்பது இந்தக் கோப்பில் இல்லை. 1970க்குப் பிறகு ஒரே நேரம் காட்டிய இடங்கள் எல்லாம் ஒரே மண்டலம் என்பதே தொகுப்பின் விதி. அதற்கு முந்தியவை கிடைத்த அளவுக்கு மட்டுமே. ஆனாலும் இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடியது கோப்பில் உண்டு. அந்த ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிக்கும் சோதிடர்கள் கழித்துக்கொள்ளும் யுத்தகால ஒரு மணி நேரம் அதுவே.

கொழும்புக் கோப்பு இதனினும் கனமானது. நீர்மின்சாரத்தை நம்பியிருந்த இலங்கை வறட்சியால் மின்வெட்டில் தவித்தபோது, 1996 மே 25 அன்று அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி 6:30 ஆக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 26இல் அரை மணி பின்வாங்கி 6:00 ஆனது. 2006 ஏப்ரலில், புத்தாண்டை ஒட்டி, மறுபடி 5:30. இந்தப் பத்தாண்டிலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய 5:30 நேரத்தையே வைத்திருந்தன. ஒரே தீவில் போர்முனையின் இரு பக்கமும் இரு கடிகாரங்கள். தொகுப்பில் யாழ்ப்பாணத்துக்கோ வன்னிக்கோ தனி மண்டலம் இல்லை. ஆனால் உரைக் கோப்பின் விளக்கக் குறிப்புகளில், அரசின் அறிவிப்போடு, புலிகள் மாற்றத்தை ஏற்காத செய்தியும் பதிந்திருக்கிறது. தொகுப்பானுக்கு அந்தக் குறிப்புகள் தேவையில்லை. வரலாற்றை அறிய விழைவோருக்கு அவையே முதன்மையானவை.

பழைய நேரங்களுக்கான தரவில் பெரும்பகுதி சோதிடர்களுக்காகத் தொகுக்கப்பட்ட ஊர் அட்டவணை நூல்களிலிருந்து வந்தது. பிறந்த ஊரில் அன்று கடிகாரம் எப்படி ஓடியது என்று ஊர் ஊராகத் தேடிப் பதிந்தவர்கள் அந்நூல்களைத் தொகுத்தவர்கள்தான். அந்த நூல்களின் உரிமையைக் கோரிய ஆஸ்ட்ரோலேப் என்ற நிறுவனம், 2011 செப்டம்பர் 30 அன்று ஓல்சன் மீதும் எக்கர்ட் மீதும் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. சில நாட்களிலேயே தரவு இருந்த சர்வர் மூடப்பட்டது. அக்டோபர் நடுவில் இணைய எண்களையும் பெயர்களையும் ஒதுக்கும் ஐயானா தொகுப்பைத் தன் பொறுப்பில் ஏற்றது. 2012 பிப்ரவரியில் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. நடந்த நிகழ்வு என்பது எவருடைய உடைமையும் அன்று. வழக்கு வேறு விதமாக முடிந்திருந்தால் உலகின் பெரும்பாலான சர்வர்களின் கடிகாரக் கணக்கு ஒரு நூலின் உரிமையாளரிடம் போயிருக்கக்கூடும்.

இன்று லினக்ஸ் கணினியில் இத்தரவு தனிப் பொதியாக வருகிறது. நிறுவும்போது இருமக் கோப்புகள் 'ஸோன்இன்ஃபோ' அடைவில் கண்டவாரியாக அமர்கின்றன. நிர்வாகி ஊரைத் தேர்ந்ததும், 'லோக்கல்டைம்' என்ற கோப்பு அந்த ஊரின் கோப்புக்கு இணைப்பாகிவிடும். ஒரு பயனருக்கோ ஒரு நிரலுக்கோ மட்டும் வேறு ஊர் வேண்டுமானால் பழைய சூழல் மாறியில் நகரத்தின் பெயரை எழுதினால் போதும். ஜாவா போன்றவை தமக்கெனத் தனிப்படி வைத்திருப்பதால், இயக்குதளத்தின் பொதியைப் புதுப்பித்தாலும் அவற்றைத் தனியே புதுப்பிக்க வேண்டும். விண்டோஸ் தனக்கென வேறொரு பட்டியலைப் பேணுகிறது.

அரசுகள் போதிய அவகாசம் தராவிட்டால் இந்த ஏற்பாடு திணறும். 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடைக்கால நேரம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு அதை ரமலான் முடியும்வரை தள்ளிவைத்தது. தேவாலயங்களும் ஊடகங்கள் சிலவும் ஏற்க மறுத்தன. நாட்டில் இரண்டு நேரங்கள் நடந்தன. தொகுப்பாளர்கள் அறிவிப்பைச் சேர்த்து ஒரு பதிப்பை வெளியிட்டார்கள். அரசு முடிவை மாற்றிக்கொண்டதும், அதே வாரத்தில் அந்த மாற்றத்தை நீக்கி இன்னொரு பதிப்பை வெளியிட்டார்கள்.