குழித்தறியும் வீட்டுமொழியும்: காஞ்சி வட்டாரத்தில் குடியேறிய நெசவுக் குடும்பங்கள்

காஞ்சிபுரம் பட்டு என்று ஒற்றைப் பெயரால் வழங்கப்படும் நெசவு, ஒரே சமூகத்தின் கைவேலை அன்று. பழைய கல்வெட்டுகளில் கைக்கோளர் எனப்படும் செங்குந்தரோடு, சாலியர், தெலுங்கு பேசும் பத்மசாலியர், தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டுமொழியாகக் கொண்ட தேவாங்கர், சௌராஷ்டிர மொழி பேசும் பட்டுநூல்காரர் என, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்த குடிகள் காஞ்சியிலும் அதைச் சூழ்ந்த நெசவூர்களிலும் தறி போட்டு வாழ்ந்துள்ளன. கோயில்கள் நிறைந்த இந்நகரில் நெசவாளருக்குத் தொன்றுதொட்டே மதிப்பு இருந்தது. தண்டு எனப்படும் பல்லக்கிலே செல்லவும் சங்கு ஊதிக்கொள்ளவும் காஞ்சிக் கைக்கோளர்க்கு இருந்த உரிமை, பிற ஊர்க் கைக்கோளருக்கு அவ்வுரிமைகளை வழங்கும்போது முன்மாதிரியாகச் சுட்டப்பட்டதை 15ஆம் நூற்றாண்டு விஜயநகரக் காலக் கல்வெட்டு காட்டுகிறது.

இக்குடியேற்றங்களின் தன்மையைத் தொழிலின் அமைப்பே தீர்மானித்தது. தரையில் குழி தோண்டி, அதனுள் கால்களை இறக்கி மிதிகட்டைகளை இயக்கும் குழித்தறியில் அமர்பவர் ஒருவரே என்றாலும், அவருக்கு வேண்டிய ஊடைநூலைத் தாரில் சுற்றித் தருவது பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும் செய்யும் வேலை. நீளவாட்டில் ஓடும் நூலாகிய பாவைத் தெருவின் நீளத்துக்கு விரித்துச் சரிசெய்வதற்கோ அண்டை வீட்டாரின் கைகளும் வேண்டும். காஞ்சிச் சேலைக்குப் புகழ் தந்த கோர்வை முறையில் உடலுக்கும் இரு கரைகளுக்கும் தனித்தனியாக மூன்று நாடாக்கள் ஓடுவதால், நெய்பவருக்குப் பக்கத்தில் ஒரு துணையாளும் அமர வேண்டியிருந்தது. உடலின் நிறத்திலிருந்து முந்தியின் நிறத்துக்கு மாறும் இடத்தில், பழைய பாவின் ஒவ்வோர் இழையையும் புதிய பாவின் இழையோடு கையால் முறுக்கி இணைப்பதைப் பேட்னி என்பர். ஆயிரக்கணக்கான இழைகளைக் கொண்ட அவ்வேலையும் பல கைகளை வேண்டுவது. ஆகவே நெசவாளர் தனியாளாகப் புலம்பெயர்வது அரிது. குடும்பங்கள் சேர்ந்து, தெருவாகவே இடம்பெயர்ந்தன.

இப்படித் தெருவாகக் குடியேறியது வீட்டுமொழியைப் பேணவும் உதவியதை உணர, அமெரிக்க நாட்டுப்புறத்தில் குடியேறிய ஜெர்மானிய உழவரின் நிலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1862ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் வரை நிலம் அளித்தது. அத்தகைய பண்ணைகளில் வீடுகள் ஒன்றுக்கொன்று எட்டவே நின்றதால், தாய்மொழியைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் தேவாலயத்தையும் பள்ளியையும் சார்ந்தது. நெசவாளர் தெருவிலோ சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளே அப்பணியைச் செய்தன.

இவ்வாறு இடம்பெயர்ந்து மொழியைக் காத்ததற்குப் பட்டுநூல்காரரின் வரலாறு சிறந்த சான்று. பட்டு நெசவாளர் இடம்பெயர்வது அவர்களோடு தொடங்கியதும் அன்று: இலாட நாடாகிய தென்குஜராத்திலிருந்து தசபுரம் என்ற இன்றைய மந்தசோருக்கு வந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று அங்கே சூரியன் கோயில் எழுப்பியதையும், பின்னர் அதனைப் பழுதுபார்த்ததையும், அவர்களுள் சிலர் பிற தொழில்களை மேற்கொண்டதையும் 5ஆம் நூற்றாண்டு மந்தசோர்க் கல்வெட்டு பதிவு செய்துள்ளது. தமிழகம் வந்த பட்டுநூல்காரரின் சௌராஷ்டிரம் இந்தோ ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது எனினும், தெலுங்கும் கன்னடமும் தமிழும் அதில் மிகுதியாகக் கலந்திருப்பது, அவர்கள் விஜயநகர நாட்டின் வழியே படிப்படியாகத் தெற்கே வந்ததை உணர்த்துகிறது. புதிய ஊரில் அவர்களுடைய சமூகநிலை உடனே ஏற்கப்படவில்லை. மதுரையில் உபாகர்மம் என்னும் பூணூல் சடங்கைச் செய்ததற்காக அவர்களுள் பதினெண்மர் பிடிக்கப்பட்டபோது, அரசி மங்கம்மாள் அறிஞர் அவையைக் கூட்டி விசாரித்து, 1705இல் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்.

அச்சமூகத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வரலாறு காஞ்சிக்கு மேற்கிலுள்ள வாலாஜாபேட்டையோடு பிணைந்தது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரால் அமைந்த அவ்வணிக நகருக்கு, காவிரிக் கரையிலிருந்து வந்தவர் வேங்கடரமண பாகவதர். 1781இல் தஞ்சைக்கு அருகிலுள்ள அய்யம்பேட்டையில் பிறந்த அவர், தெலுங்கில் கீர்த்தனைகள் இயற்றிய தியாகராசரிடம் திருவையாற்றில் இசை கற்று, அவருடைய முதன்மைச் சீடர்களுள் ஒருவரானார். வீட்டில் சௌராஷ்டிரமும் ஊரில் தமிழும் பேசிய அவர், தெலுங்கிலும் சௌராஷ்டிரத்திலும் பாடல்கள் இயற்றினார். குருவைப் போற்றும் மங்களாஷ்டகமும் அவருடையது. உபநிடத பிரம்மம் என்ற துறவியின் அழைப்பை ஏற்றுத் தியாகராசர் காஞ்சிக்கு வந்த பயணத்தில் வாலாஜாபேட்டைக்கும் வந்து சீடரிடம் தங்கினார் என்று தியாகராசரின் வரலாறுகள் கூறுகின்றன. பாகவதரிடம் மைசூர் சதாசிவ ராவ் என்ற இசைப்புலவர் பயின்றதால், வாலாஜாபேட்டையின் பாடமுறை மைசூர் அரசவை வரை சென்றது.

பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் குருவின் கீர்த்தனைகளைச் சுவரத்தோடு ஏட்டில் எழுதி வைத்தார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்கள். ஆகவே, 1847இல் தியாகராசர் மறைந்த பிறகு அவருடைய பாடல்களையும் வாழ்வையும் ஆராய்பவர்களுக்கு இக்குடும்பத்தின் சுவடிகளே முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாயின. 1874இல் பாகவதர் காலமான பின்னும் மகனிடம் தொடர்ந்த அத்தொகுதி, பின்னாளில் மதுரை சௌராஷ்டிர சபையின் பாதுகாப்புக்கு வந்து சேர்ந்தது.

நெசவாளர் தெருவில் ஒரு குடும்பத்தின் குறையை அடுத்த குடும்பம் ஈடுசெய்தது போலவே, பாட்டின் வரிகளைத் தந்தையும் மகனும் தலைமுறை தாண்டிக் கைமாற்றினர். குடியேறியவர்கள் தங்கள் மொழியை மட்டுமே காத்துக்கொண்டதாகக் கருதுவது முழுமையான பார்வையாகாது. தெலுங்கில் பாடிய ஒரு காவிரிக்கரைக் கவிஞரின் படைப்பைத் தமிழ்நாட்டு நெசவூரில் எழுதிக் காத்தவர்கள், வீட்டில் சௌராஷ்டிரம் பேசிய குடியினர் என்பது அதற்குச் சான்றாக நிற்கிறது.