எண்ணாமலே சொல்லி வந்த கணக்கு

நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காட்டில் எத்தனை என்று கேட்டால், "1950-களில் 3,000 இருந்தன" என்று பலரும் சொல்வார்கள். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

திரெங்கானுவில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி லெப்டினன்ட் கர்னல் லாக் அன்று சொன்ன உத்தேசம் அது. அவரே புலி வேட்டையாடியவர், காடு அறிந்தவர்தான். ஆனாலும் அவர் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. அன்று எண்ணுவதற்கு வழியும் இல்லை.

புலிக்கு முழுச் சட்டப் பாதுகாப்பு 1976-இல்தான் கிடைத்தது. 2004-இல் மரபணு ஆய்வாளர்கள் மலாயாப் புலி தனிக் கிளையினம் என்று அறிவித்து, பீட்டர் ஜாக்சன் என்ற வெள்ளைக்காரரின் பெயரைச் சூட்டினார்கள். நம் நாட்டின் பெயரல்லவா வந்திருக்க வேண்டும் என்று இங்கே ஆட்சேபம் எழுந்தது. நியாயமான ஆட்சேபம்தான். ஆனால், பெயருக்குக் காட்டிய அக்கறையை எண்ணுவதற்கு நாம் காட்டவில்லை. சுமார் 500 புலிகள் உண்டு என்ற இன்னோர் உத்தேசத்தை வைத்தே, 2020-க்குள் 1,000 ஆக்குவோம் என்று 2008-இல் தேசியத் திட்டம் தீட்டப்பட்டது.

நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பு நடந்தது 2016 முதல் 2020 வரை. மரங்களில் கேமராக்களைக் கட்டி, புலி கடக்கும்போது படம் எடுத்தார்கள். நம் கைரேகையைப் போல ஒவ்வொரு புலிக்கும் வரிகள் வேறு. ஒரே புலியை இரண்டு முறை எண்ணும் குழப்பம் இல்லை. முடிவு: 150-க்கும் குறைவு!

ரப்பருக்கும் செம்பனைக்கும் காடு அழிந்தது ஒரு காரணம். அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் முன்னோர். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் காடு அழியாத பெலும் வட்டாரத்திலும் புலி குறைந்ததே! அங்கே எமன், கம்பிக் கண்ணி. விலங்குகள் நடக்கும் தடத்தில் எஃகுக் கம்பியைச் சுருக்குப் போட்டு வைப்பார்கள். கால் மாட்டினால், இழுக்க இழுக்க இறுகும். செலவு சொற்பம், மானா, புலியா என்று கம்பி பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு, 2021-இல் பரவிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் புலியின் இரையான காட்டுப்பன்றிகளையும் கொன்றது. 2023-இல் குவா மூசாங் பக்கம் புலி தாக்கி மனிதர்கள் மாண்டார்கள்.

அதே ஆண்டு பகாங்கில் 1,30,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட காடு அரச புலிக் காப்பகமானது. ஓய்வுபெற்ற படைவீரர்களும் போலீஸ்காரர்களும் பூர்வகுடி மக்களும் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டு, காடுகளில் ரோந்து போகிறார்கள். கண்ணிகளைத் தேடி அகற்றுவதும் அவர்கள் வேலை. கண்ணி வைத்தவன் எங்கே வைத்திருப்பான் என்று தடம் பார்த்துச் சொல்வதில் பூர்வகுடியினரை மிஞ்ச ஆளில்லை. அவர்களை இவ்வளவு காலம் கழித்தா அழைத்தோம் என்பதுதான் என் வருத்தம்.