காசநோய்க்கு நாளத்தில் ஏற்றும் மருந்து: வேகம் ஏன் முக்கியம்?

காசநோயாளர்களில் பெரும்பாலானோர் ஆறு மாதம் மாத்திரை எடுத்தே குணமாகிறார்கள். வழமையான மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமி தொற்றியவர்களில் சிலருக்குத்தான் நாளத்தின் வழியாக மருந்து ஏற்ற வேண்டி வருகிறது. அது மெதுவாக இறங்குகிறதே என்று, கூட நிற்பவர்கள் குழாயிலுள்ள சிறு சக்கரத்தைத் திருப்பிவிடுவதுண்டு. முழு மருந்தும் உடலுக்குள் போகிறதுதானே, வேகத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் வேகம் மாறினால் இரத்தத்தில் மருந்தின் அளவும் மாறும்.

அமிக்காசின் இரத்தத்தில் எவ்வளவு உச்சத்தைத் தொடுகிறதோ அவ்வளவுக்குக் கிருமியைக் கொல்லும். பெரியவர்களுக்கு இதை வழமையாக 30 முதல் 60 நிமிடத்தில் ஏற்றுவார்கள். நேரம் அதிகம் இழுபட்டால் அந்த உச்சம் கிடைக்காது. மிக வேகமாக ஏற்றினால் சுவாசத் தசைகள் தளரும் ஆபத்து உண்டு.

மெரோபெனெம் இதற்கு மாறானது. இதற்கு உச்சம் முக்கியமல்ல. தேவையான அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் இரத்தத்தில் நிற்கிறது என்பதே முக்கியம். சிறுநீரகம் நன்றாக இயங்குபவரின் உடலில் இது ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஏற்றி முடித்து 5 மணித்தியாலத்தில் 32இல் ஒரு பங்கே மிஞ்சும். அதனால் சிலருக்கு 30 நிமிடத்துக்குப் பதிலாக 3 மணித்தியாலம் ஏற்றுவார்கள். கரைத்த மருந்து அறை வெப்பநிலையில் வீரியம் இழப்பதால், விரும்பியபடி நேரத்தை நீட்டவும் முடியாது.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களில் இரு மருந்துகளும் நீண்டநேரம் தங்கும். அமிக்காசின் சிறுநீரகத்தையும் கேட்கும் திறனையும் பாதிக்கக்கூடியது. இழந்த செவிப்புலன் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஷெல் வீச்சிலோ குண்டுவெடிப்பிலோ காது பாதிக்கப்பட்டவர்களும் சிறுநீரகக் காயம் அடைந்தவர்களும், எத்தனை வருடம் கடந்திருந்தாலும், சிகிச்சை தொடங்குமுன் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கிடையில் காதில் இரைச்சல், தலைச்சுற்று ஏற்பட்டால் உடனே தெரிவியுங்கள்.

மருந்தின் அளவை அறிய இரத்தம் எடுப்பதாயின், ஏற்றத் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். இடையில் குழாய் அடைபட்டாலோ மருந்து நின்றாலோ தாதியிடம் சொல்லுங்கள். சக்கரத்தை நீங்களாகத் திருப்பாதீர்கள்.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கும் மாத்திரைகள் மட்டுமேயான ஆறு மாதச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. ஊசியும் குழாயும் தேவைப்படுவோர் குறைந்து வருகிறார்கள். தேவைப்படுவோருக்கோ, மருந்து ஏறும் வேகமும் சிகிச்சையின் ஒரு பகுதியே.